நோய் பற்றிய நாளும் நோய் கண்ட நாளும்: பிரிட்டனின் கல்நார்க் காப்பீட்டு வழக்கு

நோயைப் பற்றிப் பேசத் தமிழில் இரண்டு வினைச்சொற்கள் உண்டு. அம்மை கண்டது என்கிறோம். காசம் பற்றியது என்கிறோம். முதலாவது நோய் வெளியே தெரிந்த நாளைச் சொல்கிறது, இரண்டாவது அது உடலுக்குள் புகுந்த நாளைச் சொல்கிறது. பெரும்பாலான நோய்களில் இவ்விரு நாள்களுக்கும் இடையே சில வாரங்கள்தாம் இருக்கும் என்பதால் அன்றாட வாழ்வில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. கல்நார்த் தூசியால் வரும் ஒரு புற்றுநோயிலோ பற்றிய நாளுக்கும் கண்ட நாளுக்கும் நடுவே முப்பது, நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் தொழிற்சாலை மூடப்பட்டிருக்கும், முதலாளி மாறியிருப்பார், காப்பீட்டு நிறுவனமும் கைமாறியிருக்கும். அப்படியானால் இழப்பீட்டை எந்த ஆண்டின் பாலிசி தர வேண்டும்? இந்தக் கேள்விக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2012 மார்ச் 28 அன்று விடை சொன்னது. சட்டத்துறையினர் அதை 'டிரிக்கர் வழக்கு' என்று அழைக்கின்றனர். தூசியைச் சுவாசித்த நிகழ்வு பாலிசியைச் செயற்படுத்துகிறதா, கட்டி உருவான நிகழ்வு செயற்படுத்துகிறதா என்பதே அதில் தீர்க்க வேண்டியிருந்த பொருள்.

ஒப்பந்தத்தில் உள்ள ஒரு வினைச்சொல்லின் பொருளை முடிவு செய்ய மூன்று நீதிமன்றங்கள் நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்ட இவ்வழக்கு, வணிக நிறுவனங்களின் பொறுப்பும் காப்பீடும் சந்திக்கும் இடத்தில் எழும் சிக்கல்களை மிகத் தெளிவாகக் காட்டுவதால் இங்கே விரிவாக ஆராயப்படுகிறது.

கல்நாரும் உடலும்

கல்நார் என்ற பெயரே பொருளை விளக்கிவிடுகிறது. பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு நாராகப் பிரியும் கனிமம் அது. தீயில் எரியாது, வெப்பத்தைக் கடத்தாது, விலையும் குறைவு. அதனால் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனின் கப்பல் கட்டும் தளங்கள், மின் நிலையங்கள், கொதிகலன் அறைகள், பள்ளிக் கட்டடங்கள் என எங்கும் அது பயன்பட்டது. நீராவிக் குழாய்களுக்கு உறை பூசும் தொழிலாளர் கல்நார்ப் பொடியை வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் குழைத்துக் குழாயின் மேல் அப்புவார். பழுது பார்க்கும் காலத்தில் அதே உறையைக் காய்ந்த நிலையில் உடைத்தெடுக்க வேண்டும். அப்போது எழும் தூசி அறை முழுவதும் நிறையும், உடையில் படியும், வீடு வரை வரும். கணவரின் வேலையுடுப்பை உதறித் துவைத்த பெண்களுக்கும் பின்னாளில் இதே நோய் வந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது.

அந்த நோயின் பெயர் மீசோதிலியோமா. நுரையீரலைச் சுற்றியிருக்கும் மென்படலத்தில், சில வேளைகளில் வயிற்றறையின் உறையில், உருவாகும் புற்று இது. கண்ணுக்குத் தெரியாத இழைகள் மூச்சோடு உள்ளே சென்று பல்லாண்டுகள் அங்கேயே தங்கி உயிரணுக்களை மெல்ல மாற்றுகின்றன. நோய் உறுதிசெய்யப்பட்ட பின் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றனர். பிரிட்டன் நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் 1985இலும், வெள்ளைக் கல்நாரை 1999இலும் தடைசெய்த பிறகும் கடந்த இருபது ஆண்டுகளில் அங்கே ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்துள்ளனர். தடைக்குப் பின்னும் இத்தனை சாவுகள் நேரக் காரணம், அந்த நீண்ட இடைவெளியே.

இந்த நோயின் ஓர் இயல்பைத் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும், ஏனெனில் சட்டச் சிக்கல் முழுவதும் அதிலிருந்துதான் கிளைத்தது. நுரையீரல் இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நோயில் சுவாசித்த தூசி கூடக் கூட நோயின் கடுமையும் கூடும். ஆகவே ஒவ்வொரு முதலாளியும் எவ்வளவு தீங்கு செய்தார் என்று பங்கு பிரிக்க முடியும். மீசோதிலியோமாவில் தூசி கூடினால் நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. வந்துவிட்ட நோயின் கடுமையோ தூசியின் அளவைப் பொறுத்ததாக இல்லை. எந்த நாளில் எந்த இடத்தில் உட்சென்ற இழை நோயை விளைவித்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது.

முதல் முடிச்சு: யார் பொறுப்பு

ஒருவர் மூன்று நிறுவனங்களில் அடுத்தடுத்துக் கல்நாரோடு வேலை பார்த்தார், மூன்றுமே பாதுகாப்பில் தவறின என்று கொள்வோம். வழக்கமான சட்டப்படி, 'இந்த நிறுவனத்தின் தவறு இல்லாதிருந்தால் எனக்கு நோய் வந்திருக்காது' என்பதைத் தொழிலாளர் மெய்ப்பிக்க வேண்டும். மூன்று நிறுவனங்களும் மற்ற இரண்டையும் கைகாட்டினால் எதன்மீதும் வழக்கு நிற்காது. 2001 டிசம்பரில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தத் தர்க்கத்தை ஏற்றுக் குடும்பங்களின் கோரிக்கைகளைத் தள்ளியது. அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவை 2002இல் அதை மாற்றியது. நோய் வரும் அபாயத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியிருந்தால் போதும், அந்த முதலாளி பொறுப்பாவார் என்பது பிங்ஹாம் பிரபு உள்ளிட்ட அதன் நீதிபதிகள் வகுத்த விதிவிலக்கு. தவறு செய்தவர்கள் பலர் என்பதாலேயே அனைவரும் தப்பிவிடுவது நீதியாகாது என்பதே அதன் அடிப்படை.

இந்த விதிவிலக்கு நான்கே ஆண்டுகளில் சுருக்கப்பட்டது. கோரஸ் எஃகு நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2006 மே மாதம் பிரபுக்கள் அவை, முதலாளியின் பொறுப்பு அபாயத்தை உண்டாக்கியதற்கே உரியது, ஆகவே ஒவ்வொருவரும் தாம் உண்டாக்கிய அபாயத்தின் விகிதப்படி கொடுத்தால் போதும் என்றது. முதலாளிகளில் பாதிப்பேர் திவாலாகிப் போயிருக்கும் ஒரு துறையில் இதன் பொருள், நோயாளிக்குப் பாதித் தொகைதான் கிடைக்கும் என்பது. நாடாளுமன்றம் மூன்று மாதங்கள்கூடப் பொறுக்கவில்லை. 2006 ஜூலை 25 அன்று ஒப்புதல் பெற்ற இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மீசோதிலியோமாவுக்கு மட்டும் ஒவ்வொரு முதலாளியையும் முழுத் தொகைக்கும் பொறுப்பாக்கியது.

முதலாளி பொறுப்பு என்று தீர்ந்தது. ஆனால் அந்த முதலாளிகளில் பலர் அப்போது இல்லை. கதவு மூடிய கட்டட ஒப்பந்தக்காரர், கலைக்கப்பட்ட தொழிற்சாலை, பெயர் மட்டும் எஞ்சிய நிறுவனம் என்றே அவர்கள் இருந்தனர். பிரிட்டனின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முதலாளி திவாலானால் அவருடைய காப்பீட்டு உரிமை பாதிக்கப்பட்டவருக்கு நேரடியாக மாறும் என்று சொல்லியிருந்தது. எனவே நோயாளியின் உண்மையான நம்பிக்கை, முதலாளி என்றோ வாங்கிய பாலிசியில்தான் இருந்தது.

பாலிசியில் இருந்த சொற்கள்

முதலாளி பொறுப்புக் காப்பீடு என்பது, வேலையில் தொழிலாளருக்கு நேரும் காயத்துக்கோ நோய்க்கோ முதலாளி தர வேண்டிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பது. வழக்கில் வந்த பாலிசிகள் 1940களில் தொடங்கி 1998 வரை எழுதப்பட்டவை, சொல்லமைப்புகள் பல. ஆனால் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் இரண்டே. சில பாலிசிகள், காப்பீட்டுக் காலத்தில் தொழிலாளர் 'அடைந்த' காயம் அல்லது நோய் என்றன. சில, அக்காலத்தில் 'பற்றிய' நோய் என்றன. இயந்திரத்தில் கை சிக்கியவருக்கு இந்தச் சொற்களால் எந்தத் தொல்லையும் இல்லை, ஏனெனில் காரணமும் காயமும் ஒரே நொடியில் நிகழ்கின்றன. பல பத்தாண்டுகளாகக் காப்பீட்டு நிறுவனங்களும் கல்நார் நோய்களைத் தூசிபட்ட ஆண்டின் பாலிசிக்கே கணக்கெழுதிக் கொடுத்து வந்தன. யாரும் கேள்வி எழுப்பவில்லை.

கேள்வியை எழுப்பியது வேறொரு வகைக் காப்பீட்டைச் சேர்ந்த வழக்கு. போல்டன் நகராட்சி தொடர்பான அந்த வழக்கில், 1960களின் தொடக்கத்தில் கல்நார்த் தூசியைச் சுவாசித்த ஒருவர் 1991இல் மீசோதிலியோமாவால் இறந்தார். அவர் நகராட்சியின் ஊழியராக இருந்தவரல்லர்; ஆகவே அது, ஊழியரல்லாத பிறருக்கு நேரும் தீங்குக்கு எடுக்கப்படும் பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டின் கீழ் வந்தது. தூசிபட்ட காலத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனம், கட்டி உருவான காலத்தில் வேறொரு நிறுவனம். இழையை உள்ளிழுத்ததே காயமாகிவிடாது, கட்டி உருவாகத் தொடங்கியபோதுதான் காயம் நேர்ந்தது, அது நோய் தெரிவதற்குச் சுமார் பத்தாண்டு முன்பு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் முடிவு செய்தது. பணம் கொடுக்க வேண்டியிருந்தது பிந்தைய நிறுவனம். அது மியூனிசிபல் மியூச்சுவல் என்னும், உள்ளாட்சி அமைப்புகள் தமக்காகத் தாமே நடத்திய பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனம்.

தான் தோற்ற அந்த வழக்கில் கிடைத்த தர்க்கத்தை அந்நிறுவனமே மறுபக்கம் திருப்பியது. பொதுமக்கள் பொறுப்பில் கட்டி உருவான நாள்தான் கணக்கு என்றால் முதலாளி பொறுப்பிலும் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று அது கேட்டது. அதனுடன் சேர்ந்து தூசி ஆண்டின் பாலிசிக்குப் பணம் தர மறுத்தவை எக்ஸெஸ், இண்டிபென்டென்ட், கட்டடத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டில் தொடங்கிய பி.ஏ.ஐ. ஆகிய நிறுவனங்கள். இந்த நான்கும் புதிய பாலிசி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பழைய கிளெய்ம்களை மட்டும் தீர்த்துக்கொண்டிருந்தவை. இண்டிபென்டென்ட் 2001இலேயே நொடித்துப்போனது. மியூனிசிபல் மியூச்சுவல் 1992இல் புதிய வியாபாரத்தை நிறுத்தியிருந்தது.

இது தற்செயலாகச் சேர்ந்த கூட்டணியன்று. தொடர்ந்து தொழில் நடத்தும் நிறுவனத்துக்குத் தூசி ஆண்டா, கட்டி ஆண்டா என்பது ஓரளவுக்குக் கணக்கு மாற்றம்தான். ஒருபக்கம் தப்பினால் மறுபக்கம் மாட்டிக்கொள்ளும். கடையை மூடிய நிறுவனத்துக்கோ மூடிய நாளுக்குப் பின் உருவாகும் எந்தக் கட்டிக்கும் பாலிசியே கிடையாது. காயம் என்பது கட்டி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால், 1960களில் பெற்ற பிரீமியத்துக்கு எதிராக 2000களில் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமிருக்காது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக மட்டும். ஒருவர் 1962 முதல் 1968 வரை ஒரு கொதிகலன் நிறுவனத்தில் வேலை பார்த்து விலகுகிறார். 2004இல் அவருக்கு நோய் கண்டது. டிரிக்கர் வழக்கின் மருத்துவச் சான்றுப்படி, கட்டி உறுதியாக உருவாவது நோய் தெரிவதற்குச் சுமார் ஐந்து ஆண்டு முன்பு, அதாவது 1999இல். காப்பீட்டு நிறுவனங்களின் வாதப்படி 1960களின் பாலிசி பொறுப்பாகாது. 1999இன் பாலிசியாவது பொறுப்பாகுமா என்றால், அது அந்த ஆண்டில் அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எடுக்கப்பட்டது. முப்பது ஆண்டு முன்பு விலகியவர் அதில் வரமாட்டார். அந்த நிறுவனமே 1985இல் மூடப்பட்டிருந்தால் 1999க்குப் பாலிசியே இருக்காது. தூசிபட்ட ஒவ்வோர் ஆண்டும் முதலாளி தவறாமல் பிரீமியம் கட்டியிருந்தும், அவருடைய தொழிலாளருக்கு எந்த ஆண்டின் பாலிசியும் உதவாது.

சம்பளப் பட்டியல் தந்த விடை

முதல் விசாரணை 2008இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பர்ட்டன் முன் பல வாரங்கள் நடந்தது. அவர் எல்லாப் பாலிசிகளையும் தூசி ஆண்டுக்கே உரியவையாகப் படித்தார். 2010 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் பிரிந்து நின்றனர். 'பற்றிய' என்ற சொல் உள்ள பாலிசிகள் தூசி ஆண்டைக் குறிக்கும் என்றும், 'அடைந்த' என்ற சொல்லை மட்டும் நம்பிய சில பாலிசிகள் கட்டி ஆண்டையே குறிக்கும் என்றும் பெரும்பான்மை முடிவு அமைந்தது. நீதிபதி ரிக்ஸ், போல்டன் தீர்ப்புக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்று கருதினார். இதன் விளைவு நடைமுறையில் மிகவும் கொடியதாக இருந்தது. ஒரே தொழில், ஒரே தூசி, ஒரே நோய். முதலாளி அன்று கையெழுத்திட்ட படிவத்தில் எந்த வினைச்சொல் அச்சாகியிருந்தது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு, அடுத்த வீட்டுக் குடும்பத்துக்கு இல்லை.

உச்ச நீதிமன்றத்தில் 2011 டிசம்பரில் ஃபிலிப்ஸ், மான்ஸ், கெர், கிளார்க், டைசன் ஆகிய, பிரபு என்று அழைக்கப்படும் ஐந்து நீதிபதிகள் முன் மேல்முறையீடு வந்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் மான்ஸ் பிரபு. வினைச்சொல்லை அகராதியில் வைத்து ஆராய்வதை அவர் முதல் வேலையாகக் கொள்ளவில்லை. பாலிசியை முழுதாகப் படித்து, இந்த ஒப்பந்தத்தில் எது விற்கப்பட்டது, விலை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பார்த்தார். வழக்கின் இதயம் இந்தப் பகுதியில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன்.

முதலாளி பொறுப்புக் காப்பீட்டின் பிரீமியம் சம்பளத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. பாலிசி தொடங்கும்போது முதலாளி, இந்த ஆண்டு இத்தனை பேருக்கு இவ்வளவு சம்பளம் தருவேன் என்று மதிப்பீடு கொடுப்பார். ஆண்டு முடிந்ததும் உண்மையில் கொடுத்த சம்பளத்தின் கணக்கை அனுப்புவார். கூடியிருந்தால் கூடுதல் பிரீமியம் கட்டுவார், குறைந்திருந்தால் திரும்பப் பெறுவார். நம் ஊரில் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி எடுக்கும் பட்டறைக்காரருக்கும் சம்பளக் கணக்குக் கொடுக்கும் இந்த முறை பழக்கமானதே. அப்படியென்றால் காப்பீட்டு நிறுவனம் விலை வாங்கியது எதற்கு? அந்த ஆண்டில், அந்தச் சம்பளத்துக்கு, அந்தத் தொழிலாளர்கள் செய்த வேலையால் விளையும் தீங்குக்கு. 1965ஆம் ஆண்டின் சம்பளப் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் 1965இல் பிரீமியம் பெறப்பட்டிருக்கிறது. முன்பு விலகியவர்களுக்காக அந்த ஆண்டு ஒரு காசும் பெறப்படவில்லை. கட்டி உருவாகும் ஆண்டே கணக்கு என்ற வாதத்தை ஏற்றால், 1965இன் பிரீமியம் 1965இன் வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லாததாகி, 1930களிலோ 1940களிலோ யாரோ சுவாசித்த தூசிக்கான விலையாக மாறிவிடும். முதலாளியும் காப்பீட்டு நிறுவனமும் அப்படி ஒன்றை நினைத்துக் கையெழுத்திட்டிருக்க முடியாது.

இன்னொரு விளைவையும் அவர் சுட்டினார். கட்டி ஆண்டுதான் கணக்கு என்றால், தொழிலாளர்களைப் பல்லாண்டுகள் தூசியில் வைத்த முதலாளி ஒவ்வோர் ஆண்டும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது காப்பீட்டு நிறுவனத்தின் தயவில் இருப்பார். கல்நாரின் ஆபத்தை உணர்ந்த நிறுவனம் அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுக்கலாம், தாங்க முடியாத விலை சொல்லலாம், பழைய வரலாற்றை மறைத்ததாகச் சொல்லிப் பாலிசியையே செல்லாததாக்கலாம். ஆபத்து நிகழ்ந்து முடிந்த பிறகு அதற்குக் காப்பு இல்லாமற் போகும் இத்தகைய ஏற்பாட்டை எந்த வணிகரும் காப்பீடு என்று அழைக்கமாட்டார்.

பிரிட்டனில் 1972 முதல் முதலாளி பொறுப்புக் காப்பீடு கட்டாயம். 1969இல் இயற்றப்பட்ட சட்டம் அதை விதித்தது. வேலையிலிருந்து எழும் காயம், நோய் ஆகியவற்றுக்குத் தொழிலாளர் கைவிடப்படக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஓய்வுபெற்ற பின் கட்டி உருவாகும் எல்லோரையும் வெளியே தள்ளும் பாலிசியால் அந்த நோக்கம் நிறைவேறாது. அச்சட்டத்திலும் 'அடைந்த' என்ற அதே சொல்தான் இருந்தது. சட்டத்தில் அது தூசிபட்ட காலத்தைச் சுட்டும் என்றால் பாலிசியில் மட்டும் வேறு பொருள் தரக் காரணமில்லை. போல்டன் வழக்கை இதிலிருந்து நீதிமன்றம் விலக்கி வைத்தது. பொதுமக்கள் பொறுப்புக் காப்பீட்டில் சம்பளப் பட்டியல் இல்லை, வேலை உறவு இல்லை, அதன் நோக்கமும் வேறு.

இவ்வாறாக, 'பற்றிய', 'அடைந்த' என்ற இரு சொற்களும் நோய்க்கான காரணம் தொடங்கிய காலத்தையே சுட்டுகின்றன என்பதில் ஐவரும் ஒன்றுபட்டனர்.

ஃபிலிப்ஸ் பிரபுவின் மறுப்பு

இத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு, இரண்டாவது கேள்வியில் கவிழும் நிலைக்கு வந்தது. அப்போது உச்ச நீதிமன்றத்தின் தலைவராக இருந்த ஃபிலிப்ஸ் பிரபு அதில் மற்ற நால்வரோடு உடன்படவில்லை. அவருடைய வாதம் வலுவானது. அதைச் சுருக்கமாகத் தள்ளிவிட்டால் வழக்கைப் புரிந்துகொண்டதாகாது.

பாலிசி காரணம் தொடங்கிய ஆண்டுக்கு உரியது என்றால், அந்த ஆண்டில்தான் நோய் விளைவிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். ஆனால் மீசோதிலியோமாவில் எந்த ஆண்டின் இழை நோயை விளைவித்தது என்று யாராலும் காட்ட முடியாது. 2002இன் விதிவிலக்கு, நோயை விளைவித்தார் என்று மெய்ப்பிக்காமலேயே, அபாயத்தைக் கூட்டினார் என்பதற்காக முதலாளியைப் பொறுப்பாக்கியது. 2006இன் கோரஸ் தீர்ப்பும் பொறுப்பு அபாயத்துக்கு உரியது என்று வெளிப்படையாகச் சொன்னது. நாடாளுமன்றம் தொகையை மாற்றியதே தவிர, பொறுப்பின் தன்மையை மாற்றவில்லை. பாலிசியோ அபாயத்துக்குக் காப்பு தரவில்லை. அந்தக் காலத்தில் விளைவிக்கப்பட்ட நோய்க்குத்தான் தருகிறது. ஆகவே முதலாளி பொறுப்பாளியாகவே இருந்தாலும் பாலிசி செயற்படாது. தொழிலாளர் மேல் இரக்கம் கொண்டு உருவாக்கிய விதிவிலக்கை வேறொரு ஒப்பந்தத்துக்குள் இழுத்து வந்து, நடந்ததாகக் காட்ட முடியாத ஒன்றை நடந்ததாகப் பாவிக்க நீதிமன்றத்துக்கு உரிமை இல்லை என்பது அவருடைய நிலை.

மான்ஸ் பிரபுவும் அவரோடு சேர்ந்த மூவரும் இதற்குச் சொன்ன மறுமொழி இது: அபாயத்தைக் கூட்டியதற்காக மட்டும் யாரும் இழப்பீடு பெறுவதில்லை. நோய் வந்தால்தான் வழக்கே பிறக்கிறது. தூசியில் வேலை பார்த்து நோய் வராமல் முதுமையில் இறந்தவருக்கு முதலாளி எதுவும் தர வேண்டியதில்லை. எனவே சட்டம் பொறுப்பாக்குவது நோய்க்குத்தான். அபாயத்தைக் கூட்டியது என்பது அந்த நோயோடு முதலாளியை இணைக்கும் தளர்வான காரணத் தொடர்பு. முதலாளியைக் கட்டுப்படுத்தப் போதுமான அந்தத் தொடர்பு, முதலாளியின் பொறுப்பை ஏற்க விலை பெற்றுக்கொண்ட காப்பீட்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவும் போதும். பொறுப்புக் காப்பீடு என்பது காப்பீடு செய்தவருக்குச் சட்டத்தால் வரும் பொறுப்பைத் தொடர்ந்து செல்வது. பிரீமியம் வாங்கிய பின் சட்டம் வளர்ந்தால் அந்த வளர்ச்சியும் காப்பீட்டு நிறுவனம் ஏற்ற ஆபத்துக்குள் அடங்கும்.

தர்க்கத்தின் தூய்மையை மட்டும் அளந்தால் ஃபிலிப்ஸ் பிரபுவின் தட்டே சற்றுக் கனக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அவருடைய முடிவு ஏற்கப்பட்டிருந்தால், முதல் கேள்வியில் ஐவரும் ஒருமனதாகத் தொழிலாளர் பக்கம் தந்த விடை, ஒரு கிளெய்மைக்கூடப் பெற்றுத் தராத வெறும் சொல் விளக்கமாக நின்றிருக்கும். பொறுப்பு உண்டு, பாலிசி உண்டு, பிரீமியம் கட்டியாயிற்று, நோயும் வந்துவிட்டது. ஆயினும் அறிவியலால் நாள் குறிக்க முடியாததால் பணம் இல்லை என்ற நிலை அது. நாள் குறிக்க முடியாத அந்த இயலாமையின் சுமையை யார் தலையில் வைப்பது என்பதே வழக்கின் அடியில் இருந்த கேள்வி என்பதால், பெரும்பான்மையின் முடிவே சரியென்பது என் கருத்து. நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் காப்பீட்டு நிறுவனங்கள் தோற்றன.

தீர்ப்புக்குப் பின் வந்த கணக்கு

இந்தத் தீர்ப்பின் செலவு எங்கே போய் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மியூனிசிபல் மியூச்சுவல் 1992இல் நெருக்கடிக்கு உள்ளானபோது, அதன் உறுப்பினர்களான உள்ளாட்சி அமைப்புகளோடு 1994இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. நிறுவனத்தின் சொத்து கடனுக்குப் போதாது என்று தெரியவந்தால், முன்பு அந்த அமைப்புகளுக்குக் கொடுத்த கிளெய்ம் தொகையில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் 2012 நவம்பரில் அந்த ஏற்பாடு செயலுக்கு வந்தது. முதலில் 15 விழுக்காடும், 2016இல் மொத்தம் 25 விழுக்காடும் என அது வசூலிக்கப்பட்டது. பழைய பள்ளிகளையும் கொதிகலன் அறைகளையும் நடத்திய அதே நகராட்சிகள், காப்பீடு எடுத்துவிட்டோம் என்று நம்பியிருந்த பொறுப்பின் ஒரு பகுதியை இன்றைய வரிப்பணத்திலிருந்து கொடுக்க நேர்ந்தது.

பாலிசி இல்லாத ஆண்டுகளின் பங்கு யாருக்கு என்ற கேள்வியும் பின்னர் வந்தது. குவெர்ன்சி தீவின் எரிவாயு நிறுவனம் ஒன்றில் 27 ஆண்டுகள் தூசிபட்ட தொழிலாளர் தொடர்பான வழக்கில், சூரிச் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய பாலிசிகள் இருந்தது 6 ஆண்டுகளுக்கு மட்டும். 2006இன் இழப்பீட்டுச் சட்டம் அந்தத் தீவுக்குப் பொருந்தாது என்பதால் 27இல் 6 பங்கு கொடுத்தால் போதும் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அச்சட்டம் பொருந்தும் இடங்களில் ஓராண்டுக்குப் பாலிசி தந்த நிறுவனமும் முழுத் தொகையைக் கொடுத்துவிட வேண்டும். மற்ற ஆண்டுகளின் பங்கை அது முதலாளியிடமோ பிற காப்பீட்டு நிறுவனங்களிடமோ பின்னர் கேட்டுப் பெறலாம். பங்கு பிரிக்கும் சண்டை தொழிலாளர் பணம் பெற்ற பிறகு நடக்கட்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

பழைய தாள்களைத் தேடி

இந்தியாவில் வெள்ளைக் கல்நார் தடைசெய்யப்படவில்லை. இறக்குமதியாகும் அந்த நார் சிமெண்டோடு கலந்து கூரைத் தகடாகிறது. நம் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அளவுக்கு வெட்டும் மேஸ்திரியின் கட்டர் இயந்திரத்திலிருந்து எழும் வெண்தூசி அவருடைய முன்கையிலும் புருவத்திலும் படிவதை யாரும் காணலாம். முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டு மட்டுமே இருக்கும். எனவே இந்த வழக்கின் பாடம் நமக்கு அந்நியமானதன்று. இந்திய உச்ச நீதிமன்றம் இந்தப் பொருளை 1995 ஜனவரி 27 அன்றே தொட்டிருக்கிறது. அகமதாபாதின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளரின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது கூறியது. கல்நார் ஆலைகள் தொழிலாளர் அனைவருக்கும் நலக் காப்பீடு எடுக்க வேண்டும், நோய் உறுதியானவர்களுக்குத் தலா 1 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. ஒவ்வொரு தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை முடிந்த பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்ற கட்டளையும் அதில் இருந்தது. நோய் பற்றிய நாளுக்கும் கண்ட நாளுக்கும் இடையிலான தூரத்தை உணர்ந்து எழுதப்பட்ட கட்டளை அது.

அதே 40 ஆண்டுக் கணக்கு பிரிட்டனிலும் இருந்தது. முதலாளி பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழை 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 1998இன் விதிகள் சொல்லின. டிரிக்கர் வழக்கு விசாரணையில் இருந்த 2008இலேயே அந்த விதி நீக்கப்பட்டது. தூசி ஆண்டின் பாலிசிதான் பொறுப்பு என்று 2012இல் நீதிமன்றம் சொன்னபோது, பல குடும்பங்களுக்கு மிஞ்சியது அந்தப் பாலிசி எங்கே என்ற தேடல்தான். 1960களில் அப்பா வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் நினைவிருக்கும். அந்த நிறுவனம் யாரிடம் காப்பீடு எடுத்தது என்பதை அறிந்த எழுத்தர் இறந்திருப்பார், கோப்புகள் எரிக்கப்பட்டிருக்கும். பழைய பாலிசிகளைத் தேடிக் கண்டுபிடிக்க 2011இல் ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டது. தேடியும் காப்பீட்டு நிறுவனம் கிடைக்காதவர்களுக்காக 2014இல் மீசோதிலியோமாச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று முதலாளி பொறுப்புக் காப்பீடு விற்கும் நிறுவனங்களிடம் தீர்வை வசூலித்து அந்த நிதியிலிருந்து நோயாளிகளுக்குத் தொகை தரப்படுகிறது.

அந்தத் திட்டத்துக்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டது. அரசு திட்டத்தை அறிவித்த நாளான 2012 ஜூலை 25 அன்றோ அதன் பிறகோ நோய் உறுதிசெய்யப்பட்டவர்கள் மட்டுமே அதில் விண்ணப்பிக்கலாம். தூசிபட்ட நாளையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று நான்கு ஆண்டுகள் போராடி வென்ற பிறகு, பாலிசித் தாளைத் தொலைத்தவர்களுக்கு மட்டும் நோய் கண்ட நாளே எல்லையாயிற்று. ஜூலை 24 அன்று நோய் உறுதியானவருக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை.